செக்ஸ்டஸ் எம்பிரிகஸோடு பேசிப் பார்த்தால்: சந்தேகம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களாக எனக்கு ஒரு பழக்கம். ஏதாவது ஒரு விஷயத்தில் மனது அலைக்கழிந்தால் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு கிரேக்க மருத்துவரிடம் பேசுவதாக எழுதுவேன். என் கேள்வி ஒரு வரி, அவர் பதில் ஒரு வரி. அவர் பெயர் செக்ஸ்டஸ் எம்பிரிகஸ். இதைப் பற்றிச் சொன்னதும் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கான என் பதில்கள் இங்கே. அவர் பேசுவதாக வரும் வரிகள் என் கற்பனை. அவற்றுக்கு அடியில் இருக்கும் கருத்து அவருடைய நூல்களிலிருந்து எடுத்தது.

யார் இந்தச் செக்ஸ்டஸ் எம்பிரிகஸ்?

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ வாழ்ந்தவர். கிரேக்க மொழியில் எழுதினார். தொழில் மருத்துவம். ‘எம்பிரிகஸ்’ என்பது அந்தக் கால மருத்துவப் பிரிவு ஒன்றின் பெயர். நோயின் மறைவான காரணங்களைப் பற்றிக் கோட்பாடு கட்டாமல், கண்ட அனுபவத்தை வைத்து வைத்தியம் பார்த்தவர்கள் அந்தப் பிரிவினர். ஆனால் அவரே தன் நூலில், சந்தேகவாதிக்கு அந்தப் பிரிவைவிட ‘மெத்தடிஸ்ட்’ என்ற இன்னொரு பிரிவுதான் பொருத்தம் என்று எழுதுகிறார். மறைவான காரணங்களை அறியவே முடியாது என்று எம்பிரிகஸ் பிரிவினர் அடித்துச் சொல்வார்களானால் அது அவருக்கு ஒத்துவராது. அறியவே முடியாது என்பதும் ஒரு முடிவுதானே?

பிர்ரோ என்ற பழைய கிரேக்கத் தத்துவவாதியின் பெயரால் வழங்கும் பிர்ரோனியச் சந்தேகவாதத்தின் சுருக்கமாக மூன்று நூல்கள் எழுதினார். தத்துவவாதிகளையும் இலக்கணக்காரர்களையும் சோதிடர்களையும் கேள்வி கேட்கும் இன்னொரு 11 நூல்களும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பழைய கிரேக்கச் சந்தேகவாதத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர் வழியாக வந்ததுதான்.

பிர்ரோதானே இந்த வழியைத் தொடங்கியவர்? அவரோடு ஏன் பேசக் கூடாது?

பேசலாம். ஆனால் அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி இருப்பதெல்லாம் மாணவர் டைமன் எழுதியவற்றின் துண்டுகளும், பின்னால் வந்தவர்கள் சேர்த்த கதைகளும்தான்.

கதைகள் என்னவோ அருமையானவை. எலிஸ் என்ற ஊர்க்காரர், ஏறத்தாழ கி.மு. 360 முதல் 270 வரை வாழ்ந்தவர். ஆசிரியர் அனக்ஸார்கஸுடன் அலெக்ஸாண்டரின் படையோடு இந்தியா வரைக்கும் வந்தார். இங்கே ஆடையற்ற துறவிகளைச் சந்தித்தார். அரசர்களின் வாசலில் காத்துக் கிடக்கும் நீ மற்றவர்களுக்கு நன்மையை எப்படிக் கற்பிக்க முடியும் என்று ஓர் இந்தியர் அனக்ஸார்கஸைக் கடிந்துகொண்டாராம். அதைக் கேட்ட பிர்ரோ அதன்பின் கூட்டத்தை விட்டு ஒதுங்கித் தனிமையை நாடினார் என்று, தத்துவவாதிகளின் வரலாறுகளைத் தொகுத்த டயோஜெனிஸ் லாயர்ஷியஸ் எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. கிரேக்கச் சந்தேகத்தின் தொடக்கத்தில் பெயர் தெரியாத ஓர் இந்தியரின் கண்டிப்பு கேட்கிறது.

கடலில் புயல் அடித்தபோது கப்பலில் எல்லோரும் நடுங்க, நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்த ஒரு பன்றிக்குட்டியைக் காட்டி, அறிவாளியின் மனம் இப்படிக் கலங்காமல் இருக்க வேண்டும் என்றாராம். அதே மனிதர் ஒரு நாய் பாய்ந்தபோது பயந்துவிட்டார். பார்த்தவர்கள் குறை சொன்னதும், மனிதத்தன்மையை முழுசாகக் கழற்றி வைப்பது எளிதில்லை என்று ஒப்புக்கொண்டார். பன்றியைவிட நாய்க் கதையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

இருந்தாலும் ஒரு வாதத்தை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, எதிர்க்கேள்வி கேட்டுப் பேச வேண்டுமானால் எழுத்து வேண்டும். அது செக்ஸ்டஸிடம்தான் இருக்கிறது.

எதையும் நம்பாத ஒருவரிடம் என்ன பேச முடியும்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அவர் நூலின் முதல் பக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. எதையாவது தேடுபவர்கள் மூன்று விதமாக முடிகிறார்கள் என்கிறார். கண்டுபிடித்துவிட்டேன் என்பவர்கள் ஒரு பக்கம், கண்டுபிடிக்கவே முடியாது என்பவர்கள் இன்னொரு பக்கம். இன்னும் தேடிக்கொண்டே இருப்பவர்கள் மூன்றாமவர்கள். சந்தேகவாதி அந்த மூன்றாவது ஆள். கிரேக்கத்தில் ‘ஸ்கெப்டிகோஸ்’ என்ற சொல்லுக்கே உற்றுப் பார்ப்பவர், ஆராய்பவர் என்றுதான் பொருள். நம்மூரில் ‘சந்தேகப் பேர்வழி’ என்று சொல்லும்போது வரும் அந்தப் புளித்த முகம் அவருக்கு இல்லை.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் சந்தேகத்தைத் ‘தீர்க்கிறோம்’. நோயையும் தீர்க்கிறோம், கடனையும் தீர்க்கிறோம். ஐயம் ‘நீங்க’ வேண்டும், ‘தெளிய’ வேண்டும். ஐயம் நீங்கித் தெளிந்தவர்களுக்கு வானம் பூமியைவிடப் பக்கத்தில் இருக்கும் என்கிறது திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரம். நாம் பேசும் பேச்சிலேயே சந்தேகம் என்பது உடம்பை விட்டு இறங்க வேண்டிய காய்ச்சல் மாதிரி.

மருத்துவரான செக்ஸ்டஸ் இதை அப்படியே திருப்பிப் போடுகிறார். சந்தேகவாதி மனிதர்கள்மேல் அன்பு கொண்டவன் என்று மூன்றாவது நூலின் முடிவில் எழுதுகிறார். முடிவு சொல்லிவிட்டவர்களின் இறுமாப்பையும் அவசரத்தையும் தன்னால் இயன்ற அளவு வாதத்தால் குணப்படுத்த விரும்புகிறான் அவன். நோய் கடுமையாக இருந்தால் கடுமையான வாதம், லேசாக இருந்தால் லேசான வாதம். அவர் கணக்கில் அவசரம்தான் நோய். சந்தேகம் அதற்குக் கொடுக்கும் மருந்து. நான் அவரிடம் திரும்பத் திரும்பப் போவதற்குக் காரணம் இந்த ஒரு பக்கம்தான்.

சந்தேகத்தை எப்படிக் கிளப்புகிறார்?

எதிரெதிராக வைத்துப் பார்ப்பார். அவ்வளவுதான் அவருடைய வித்தை. தூரத்தில் வட்டமாகத் தெரியும் கோபுரம் பக்கத்தில் போனால் சதுரம். தண்ணீருக்குள் துடுப்பு வளைந்திருக்கிறது, வெளியே எடுத்தால் நேராக இருக்கிறது. ஆட்டுக்கொம்பைச் சீவினால் சீவல் வெள்ளையாகத் தெரியும், முழுக்கொம்பு கறுப்பு. வெள்ளியைச் சீவினால் தூள் கறுப்பு, கட்டி வெள்ளை. எது அதன் உண்மை நிறம்?

இப்படிப்பட்ட எதிர்வைப்புகளைப் பத்து வகையாகப் பிரித்துச் சொல்கிறார். கி.மு. முதல் நூற்றாண்டில் அனெஸிடெமஸ் என்ற சந்தேகவாதி தொகுத்தவை அவை. உயிரினங்களுக்கு இடையிலான வேறுபாடு, மனிதர்களுக்கு இடையிலானது, புலன்களுக்கு இடையிலானது என்று வரிசை போகும். அலெக்ஸாண்டருக்கு உணவு பரிமாறிய டெமோஃபோனுக்கு வெயிலில் நடுக்கம் வரும், நிழலில் கதகதப்பாக இருக்குமாம். ஒன்பதாவது வகை எனக்கு நெருக்கமானது: அரிதாக வருவதும் அடிக்கடி வருவதும். சூரியன் வால்நட்சத்திரத்தைவிட எவ்வளவோ பிரமிப்பானது. ஆனால் தினமும் வருவதால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

பத்தாவது வகை வழக்கங்கள், சட்டங்கள், நம்பிக்கைகள். ஒரு நாட்டில் குழந்தைகளுக்குப் பச்சை குத்துகிறார்கள், இன்னொரு நாட்டில் இல்லை என்று எடுத்துக்காட்டுகள் வரும். அதில் நம்மைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. இந்தியர்கள் பொது இடத்தில் பெண்களோடு கூடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அன்று நோட்டில் எழுதியது இது:

நான்: ஐயா, எல்லாவற்றையும் சந்தேகப்படச் சொல்லும் நீங்கள் இதை எப்படி நம்பினீர்கள்?

அவர்: நான் நம்பினேன் என்று எங்கே சொன்னேன் தம்பி? வழக்கத்துக்கு எதிராக வழக்கத்தை வைத்தேன்.

நான்: வைத்த வழக்கம் பொய்யாக இருந்தால்?

அவர்: அப்படியானால் அந்த எடையைத் தராசிலிருந்து எடுத்துவிடு. வேறு ஒன்று கிடைக்காதா என்ன?

நான்: எடை போட்டவர் முதலில் அதைச் சோதித்திருக்க வேண்டாமா?

அதற்குமேல் அவருக்கு எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர் எழுத்தை அவருடைய முறையாலேயே சோதிக்க முடிகிறது, அப்படிச் சோதித்தால் அங்கங்கே கீறல் விழுகிறது என்று அன்று தெரிந்துகொண்டேன். அதனால் அவர்மேல் இருந்த மதிப்பு குறையவில்லை.

தேன் இனிக்கிறது என்பதையுமா சந்தேகப்படுகிறார்?

இல்லை. தேன் இனிப்பாகத் தோன்றுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன் என்று தெளிவாகவே எழுதுகிறார். தோன்றுவதற்கு அப்பால், தன் இயல்பிலேயே அது இனிப்பானதா என்ற கேள்வியில்தான் தீர்ப்பை நிறுத்தி வைக்கிறார். இப்படி நிறுத்தி வைப்பதற்குக் கிரேக்கத்தில் ‘எபோக்கே’ என்று பெயர். பசிக்கிறது, குளிர்கிறது, வலிக்கிறது என்பதையெல்லாம் அவர் மறுத்ததே இல்லை.

மறுக்கவே முடியாத வாதத்தை ஒருவர் கொண்டுவந்தால்?

இதற்கு அவர் சொல்லும் பதிலைப் படித்துவிட்டு ஒருநாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். உன் பள்ளியைத் தொடங்கியவர் பிறப்பதற்கு முன் இந்த வாதம் யாருக்கும் தெரியாமல்தானே இருந்தது? ஆனாலும் அது அப்போதே இருந்தது என்கிறாய். அதேபோல இதற்கு எதிரான வாதமும் இருக்கலாம், இன்னும் நம் கண்ணுக்குப் படாமல் இருக்கலாம். எனவே இப்போது வலுவாகத் தெரிகிறது என்பதற்காக உடனே தலையாட்ட வேண்டியதில்லை.

விவாதத்தில் தோற்றுப்போய் வீடு திரும்பிய ராத்திரிகளில் இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது. அதே சமயம் இது ஆபத்தான கருவி என்பதும் தெரியும். எந்த உண்மையிலிருந்தும் நழுவ இதைப் பயன்படுத்தலாம். நான் வைத்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாடு ஒன்றுதான்: என் கட்சிக்கு எதிரான வாதத்தின்மேல் இதை ஏவினால், அன்றே என் கட்சிக்குச் சாதகமான வாதத்தின்மேலும் ஏவ வேண்டும்.

இன்னொரு கருவி அக்ரிப்பா என்பவர் பெயரால் வழங்குவது. எதற்கும் ஆதாரம் கேட்டுக்கொண்டே போனால் மூன்று இடங்களில் ஒன்றில்தான் போய் நிற்போம். ஆதாரத்துக்கு ஆதாரம் என்று முடிவே இல்லாமல் போகும், அல்லது சுற்றி வந்து தொடங்கிய இடத்தையே ஆதாரமாகக் காட்டுவோம், அல்லது ‘அது அப்படித்தான்’ என்று ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவோம். நான்கு வயதுக் குழந்தை ‘ஏன்? ஏன்?’ என்று கேட்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த மூன்றையும் விளக்க வேண்டியதில்லை.

எதுவும் உறுதியில்லை என்பது மட்டும் உறுதியா?

அவரிடம் அவர் காலத்திலேயே கேட்ட கேள்வி இது. பேதி மருந்து வயிற்றில் இருப்பதையெல்லாம் வெளியேற்றும்போது தானும் சேர்ந்து வெளியேறும், என் வாக்கியங்களும் அப்படித்தான் என்றார். மருத்துவர் அல்லவா. வேறோரிடத்தில் ஏணியைச் சொல்கிறார்: ஏறி முடித்தபின் அதைக் காலால் தள்ளிவிடலாம்.

எதையும் முடிவு செய்யாமல் அன்றாட வாழ்க்கையை எப்படி நடத்துவது?

பிர்ரோ வண்டி வந்தாலும் ஒதுங்க மாட்டார், பள்ளம் வந்தாலும் நிற்க மாட்டார், நண்பர்கள்தான் கூடவே போய்க் காப்பாற்றினார்கள் என்று ஒரு பழைய கதை உண்டு. அனெஸிடெமஸ் அதை ஏற்கவில்லை. தத்துவத்தில்தான் அவர் தீர்ப்பை நிறுத்தி வைத்தார், அன்றாடக் காரியத்தில் கவனமாகவே இருந்தார் என்றார். பிர்ரோ ஏறக்குறைய 90 வயது வரை இருந்தார். வண்டிக்கு ஒதுங்காதவருக்கு அது நடக்கிற காரியமா?

செக்ஸ்டஸ் நான்கு வழிகாட்டிகளைச் சொல்கிறார். இயற்கை நமக்குக் கொடுத்த புலனும் சிந்தனையும், பசி தாகம் போன்ற உடலின் கட்டாயங்கள், ஊரின் சட்டமும் வழக்கமும், கைத்தொழில்களின் பயிற்சி. இந்த நான்கையும் பின்பற்றி, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் இறுதி உண்மையைப் பற்றி வாய் திறக்காமல் வாழலாம் என்கிறார்.

என் அனுபவம் ஒன்று. அம்மாவின் முழங்காலுக்கு உடனே அறுவை சிகிச்சை வேண்டும் என்றார் ஒரு மருத்துவர். இப்போது வேண்டியதில்லை என்றார் இன்னொருவர். எனக்கு அந்த இரண்டு பேரில் ஒருவர் அயோக்கியராக இருந்தாக வேண்டும் என்று பட்டது. அப்படி இருந்தால்தான் எனக்கு முடிவெடுப்பது சுலபம். அன்று ராத்திரி நோட்டில் அவர் கேட்டதாக எழுதிய கேள்வி ஒன்றே ஒன்று: ‘இரண்டு பேரும் எதைப் பார்த்தார்கள்?’ அப்போதுதான் யோசித்தேன். ஒருவர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னார். மற்றவர் அம்மாவை அறைக்குள் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னார். கோபுரம் தூரத்தில் வட்டம், பக்கத்தில் சதுரம். ஆறு மாதம் பிசியோதெரபி செய்தோம், அப்புறம் அறுவை சிகிச்சையும் செய்தோம். அந்த இருவரில் யார் சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது தெரியாமலேயே அடுத்தடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்ய முடிந்தது.

இதே கேள்விக்குக் கர்னியாடெஸ் என்ற இன்னொரு கிரேக்கத் தத்துவவாதி சொன்ன பதில் வேறு விதம். கி.மு. 155இல் ரோமுக்குத் தூது போய், முதல் நாள் நீதிக்கு ஆதரவாகவும் மறுநாள் எதிராகவும் பேசி அந்த ஊரைக் கலக்கியவர் அவர். எதற்கு எவ்வளவு இணங்கலாம் என்பதற்கு அவர் சொன்ன உதாரணத்தைச் செக்ஸ்டஸ் பதிவு செய்திருக்கிறார். இருட்டறையில் சுருண்டு கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று நினைத்து ஒருவன் தாண்டிக் குதிக்கிறான். பிறகு திரும்பிப் பார்க்கிறான், அசையவில்லை. பாம்பு இல்லைபோல என்று தோன்றுகிறது. ஆனால் குளிர்காலத்தில் பாம்பும் விறைத்துக் கிடக்குமே? ஒரு கம்பை எடுத்துத் தட்டிப் பார்க்கிறான். அதன் பிறகுதான் கயிறு என்று இணங்குகிறான்.

கயிறும் பாம்பும்! அத்வைதத்தில் கயிற்றரவு என்று நாம் காலம் காலமாகக் கேட்ட உவமை. அங்கே அது உலகத் தோற்றத்தின் மயக்கத்தைக் காட்ட வருகிறது, விளக்கைக் கொண்டுவந்தால் பாம்பு மறைந்துவிடும். கர்னியாடெஸின் அறையில் விளக்கு இல்லை. இருட்டும் ஒரு கம்பும்தான் இருக்கின்றன. நம் வாழ்க்கையில் பெரும்பாலான முடிவுகளை அந்த அறையில் நின்றுதான் எடுக்கிறோம். அதனால் எனக்கு அவருடைய கயிறு ஒருபடி கூடுதலாகவே பிடிக்கும்.

இப்படியே இருந்தால் மனது அமைதியாகுமா?

ஆகும் என்கிறார், ஆனால் குறிவைத்தால் கிடைக்காது. ஓவியர் அபெல்லெஸ் ஒரு குதிரையை வரைந்தபோது வாயின் நுரை மட்டும் சரியாக வரவே இல்லையாம். சலித்துப்போய், தூரிகை துடைக்கும் பஞ்சைப் படத்தின்மேல் வீசினார். பஞ்சு பட்ட இடத்தில் நுரை அச்சாக வந்துவிட்டது. சந்தேகவாதியும் உண்மையைக் கண்டுபிடித்து அமைதி பெறலாம் என்றுதான் தொடங்கினான். இரண்டு பக்கமும் சம எடையாக நின்றதால் முடிவை நிறுத்தி வைத்தான். எதிர்பாராமல் அமைதி வந்து சேர்ந்தது.

எனக்கு எல்லா முறையும் அப்படி நடப்பதில்லை. சில விஷயங்களில் தெரியாமல் இருப்பது வதைக்கிறது. பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒருவரிடம் போய் எபோக்கே பற்றிப் பேசக் கூடாது, கூட உட்கார்ந்திருக்க வேண்டும். கருத்துகளால் வரும் கலக்கத்துக்கு இந்த மருந்து வேலை செய்கிறது. உடலின் கலக்கத்தைச் சந்தேகவாதியாலும் தவிர்க்க முடியாது, அதில் அளவோடு இருக்கத்தான் முடியும் என்று அவரும் சொல்கிறார்.

தடுப்பூசியை நம்பாதவர்களும் இதையே சொல்வார்களே?

சொல்வார்கள். ஆனால் அவர்கள் சந்தேகப்படுவது ஒரு பக்கத்தை மட்டும். மருத்துவ ஆய்வை மயிர் பிளந்து கேட்பவர், வாட்ஸ்அப்பில் வந்த ஒலிப்பதிவை அப்படியே விழுங்கிவிடுகிறார். செக்ஸ்டஸ் தன் வழியைத் திறமை என்கிறார், எதிரெதிரானவற்றை எதிரெதிராக வைத்துப் பார்க்கும் திறமை. ஒரு தட்டை மட்டும் உலுக்குவது அதில் சேராது. அப்புறம், அவர் தன் தொழிலின் பயிற்சியைப் பின்பற்றி நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தவர். மருந்து வேலை செய்வதைக் கண்ட பிறகும் கொடுக்க மறுப்பது அவர் வழியில்லை.

அவர் எழுதியதில் இன்றைக்கும் அப்படியே பொருந்துவது எது?

சோதிடர்களைப் பற்றிய நூல். ராசி, லக்கினம், பிறந்த நேரம் எல்லாம் அதில் வருகின்றன. ஒரு சோதிடர் மலையுச்சியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் பிரசவிக்கும் பெண்ணின் பக்கத்தில் இருந்து, குழந்தை பிறந்ததும் மணி அடித்துச் சொல்வார். இதுதான் சோதிடர்கள் சொன்ன முறை. செக்ஸ்டஸ் கேட்கிறார்: மணியோசை மலையுச்சிக்குப் போய்ச் சேர நேரமாகாதா? அதற்குள் வானம் நகர்ந்திருக்காதா? அது கிடக்கட்டும், பிறப்பு என்பது எந்த நொடி? கருவுற்றதா, தலை தெரிந்ததா, முழுசாக வெளியே வந்ததா?

மராத்தான் போரில் அம்பு பட்டுச் செத்த எல்லோரும் தனுசு ராசியில் ஒரே இடத்திலா பிறந்தார்கள், டிராயிலிருந்து திரும்பும்போது கடலில் மூழ்கிய எல்லோரும் கும்ப ராசியா என்றும் கேட்கிறார். வீட்டில் ஒரு ஜாதகத்தை எடுத்துப் பார்க்கும்போது, ‘குழந்தை பிறந்த நேரத்தை யார், எந்தக் கடிகாரத்தில் பார்த்தார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். என் ஜாதகத்தில் இருக்கும் நேரம் பாட்டி குத்துமதிப்பாகச் சொன்னது.

தமிழில் அவரைப் பேச வைப்பது எப்படி?

நான் எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக இருந்தது. இப்போது எனக்குத் தோன்றுவதை மட்டும் பதிவு செய்கிறேன் என்று தன் நூலின் தொடக்கத்திலேயே சொல்பவர் அவர். அப்படிப் பேசுவதற்கு நம் மொழியில் நிறைய வசதி இருக்கிறது. ‘வந்தான்’ என்றால் நான் பார்த்தேன். ‘வந்தானாம்’ என்றால் யாரோ சொன்னார்கள். ‘வந்தான்போலும்’ என்றால் ஊகிக்கிறேன். ஒரு விகுதியில் பொறுப்பு கைமாறிவிடுகிறது. இந்தியர்களைப் பற்றிய அந்த வரியை நான் மொழிபெயர்த்தால் கண்டிப்பாக ‘ஆம்’ சேர்த்துத்தான் எழுதுவேன்.

தொல்காப்பியம் இதற்கு விதியே வகுத்திருக்கிறது. ‘கொல்’ என்ற இடைச்சொல் ஐயத்துக்குரியது. தூரத்தில் தெரிவது மரக்கட்டையா மனிதனா என்று தெரியாதபோது ‘உரு’ என்ற பொதுச்சொல்லால் சொல்லலாம் என்கிறது கிளவியாக்கம். ‘குற்றிகொல்லோ மகன்கொல்லோ தோன்றுகின்ற உரு’ என்று உரைகாரர்கள் உதாரணம் தருவார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்வது இலக்கணப்படியே வழு. இதைச் செக்ஸ்டஸ் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

செய்முறையில் நான் கடைப்பிடிப்பது கொஞ்சம்தான். அவருடைய வரிகளை ‘தோன்றுகிறது’, ‘இருக்கலாம்’, ‘போலும்’ என்று முடிக்கிறேன். அவர் உபதேசம் செய்யத் தொடங்கினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன், அது அவர் குரல் இல்லை, என் குரல். அவரை ஜெயிக்க விடுவதுமில்லை, நானும் ஜெயிப்பதில்லை. கையால் எழுதினால் நல்லது. தட்டச்சு செய்தால் அவசரம் வந்துவிடுகிறது.

இந்தியாவில் இப்படிப்பட்டவர்கள் இல்லையா?

இருந்தார்கள். புத்தர் காலத்துச் சஞ்சய பேலட்டிபுத்தர், மறுமை உண்டா என்று கேட்டால் உண்டு என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார், இரண்டும் என்றும் சொல்ல மாட்டார். பௌத்த நூல்கள் அவரைப் பிடி கொடுக்காமல் நழுவும் விலாங்கோடு ஒப்பிடுகின்றன. சாரிபுத்தரும் மொக்கல்லானரும் புத்தரிடம் வருவதற்கு முன் அவருடைய மாணவர்களாக இருந்தவர்கள் என்பது பௌத்த மரபு. பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஜயராசி பட்டர், ‘தத்வோபப்லவசிம்மம்’ என்ற நூலில் பிரமாணங்களை, அதாவது அறிவைப் பெறும் வழிகளை, ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தார். அந்த நூலின் ஓலைச்சுவடி 1926இல் குஜராத்தின் பாட்டனில் கிடைத்தது, 1940இல் அச்சானது. பிர்ரோ இங்கே யாரிடமாவது இதைக் கற்றார் என்று காட்ட நேரடிச் சான்று இல்லை. சான்று இல்லாத இடத்தில் நம் பெருமையை நட்டு வைப்பது செக்ஸ்டஸுக்குச் செய்யும் மரியாதையும் இல்லை.

அவருடைய நூல் எப்படி நம் காலம் வரை வந்தது?

1562இல் ஆன்றி எஸ்தியேன் என்ற பதிப்பாளர் சுருக்க நூலை லத்தீனில் வெளியிட்டார். அது பிரான்ஸில் கட்டுரையாளர் மொந்தேனின் கைக்குப் போனது. தன் நூலக உத்தரங்களில் செக்ஸ்டஸின் வரிகளை எழுதி வைத்த மனிதர் அவர். 1576இல் தராசு பொறித்த பதக்கம் ஒன்றையும் செய்துகொண்டார். ‘எனக்கு என்ன தெரியும்?’ என்பது அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்வி.

எந்த இடத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை?

ஊரின் சட்டத்தையும் வழக்கத்தையும் பின்பற்றி வாழ் என்ற இடத்தில். கொடுங்கோலன் ஒருவன் சொல்லக்கூடாத செயலைச் செய்யச் சொன்னால் என்ன செய்வாய் என்று எதிராளிகள் கேட்டபோதும், முன்னோரின் சட்டமும் வழக்கமும் தனக்குள் பதித்ததைக் கொண்டு தேர்ந்தெடுப்பேன் என்றுதான் சந்தேகவாதிக்காகப் பதில் சொல்கிறார். அந்த வழக்கமே கொடுமையாக இருந்தால்?

நான்: ஐயா, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்தார்கள். ஒரு சாதிக்கு ஒரு குவளை, மற்றவர்களுக்கு வேறு. அது வழக்கம்.

அவர்: அது இயற்கையிலேயே அப்படி என்று யாராவது சொன்னார்களா?

நான்: எல்லோரும் சொன்னார்கள்.

அவர்: அப்படியானால் பக்கத்தில் இன்னொரு ஊரின் வழக்கத்தை வை. அங்கே ஒரே குவளை. ஓரிடத்தில் உண்டு, இன்னோரிடத்தில் இல்லை என்றால் இயற்கை என்ற பேச்சு நிற்காது போலத் தோன்றுகிறது.

நான்: பேச்சு நிற்காது. குவளை நிற்கிறதே!

அவர்: உங்கள் ஊரின் சட்டம் என்ன சொல்கிறது?

நான்: தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று 1950இலிருந்து அரசமைப்பின் 17ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் சட்டத்தையும் வழக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். அந்தக் கடையில் இரண்டும் எதிரெதிராக நின்றன. எதைப் பின்பற்றுவது?

இயற்கை, தெய்வக் கட்டளை என்ற பூச்சை வழக்கத்தின்மேலிருந்து சுரண்டி எடுக்க அவருடைய பத்தாவது வகையைவிடக் கூர்மையான கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் சுரண்டிய பிறகு கடைக்குள் நுழைந்து அந்தக் குவளையை எடுத்துப் போட ஒரு கை வேண்டும். அந்தக் கையை அவர் நூலில் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இந்த உரையாடலை மூன்று தடவை வெவ்வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் இந்தக் கேள்வியோடுதான் நின்றது. நான்காவது தடவை எழுதுவேன்.